கன்னப்பைக்குள் ஒரு வயல்

அலெப்போ நகரத்தில் ஒரு மேசைமேல் பிஞ்சு பீன்ஸ் குவிந்து கிடந்தது. அறுத்துப் பார்க்கப்பட்ட சின்னஞ்சிறு பிராணி ஒன்றின் இரண்டு கன்னங்களுக்குள்ளிருந்தும் எடுத்தவை அவை. உள்ளே இருந்தவரை தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கியதுபோல நீளவாக்கில், இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. வெளியே எடுத்துப் பரப்பியதும் அந்தப் பிராணியின் உடம்பைப்போல மூன்று மடங்கு குவியலாகிவிட்டன. இவ்வளவையும் எந்த வித்தையால் உள்ளே அடுக்கியது என்று பார்த்தவருக்கே வியப்பு. 1794-இல் வெளிவந்த 'அலெப்போவின் இயற்கை வரலாறு' என்ற ஆங்கில நூலின் இரண்டாம் பதிப்பில் இந்த விவரம் இருக்கிறது.

இன்று உலகெங்கும் கூண்டுகளில் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் தங்க ஹாம்ஸ்டரைப் பற்றிய மிகப் பழைய அச்சுக் குறிப்புகளில் ஒன்று இது. அதில் முக்கியமாகச் சொல்லப்படுவது அதன் தீனிதான். அழகைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ எழுத்தாளருக்குப் பெரிய அக்கறை இல்லை.

அந்த நூலை முதலில் எழுதியவர் அலெக்சாண்டர் ரசல், அலெப்போவில் ஆங்கில வணிகர்களுக்கு மருத்துவராக இருந்தவர். அவருக்குப் பிறகு அதே வேலையைப் பார்த்த தம்பி பேட்ரிக் ரசல்தான் நூலை விரிவாக்கி இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். இந்தத் தம்பியைத் தமிழர்களுக்குத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். 1781-இல் விசாகப்பட்டினம் வந்து, 1785-இல் கிழக்கிந்திய கம்பெனியின் சென்னை மாகாண இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டவர் அவர். அந்தப் பதவியில் அவருக்கு முன் இருந்தவர் தரங்கம்பாடியில் வேலை பார்த்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் பேட்ரிக் வெளியிட்ட நூல் இன்றும் பேசப்படுகிறது. நாம் கண்ணாடி விரியன் என்று சொல்லும் பாம்புக்கு ஆங்கிலத்திலும் அறிவியலிலும் இவர் பெயர்தான். ஹாம்ஸ்டரின் கன்னத்து பீன்ஸைப் பதிப்பித்தவரும் விரியனுக்குப் பெயர் கொடுத்தவரும் ஒரே ஆள் என்பது செல்லப்பிராணிக் கடைக்காரர்கள் யாரும் சொல்லாத செய்தி.

அதற்குப் பிறகு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பிராணியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1839-இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், அலெப்போவிலிருந்து வந்த ஒரு கிழட்டுப் பெண் ஹாம்ஸ்டரின் உடலைப் பார்த்துத் தனி இனம் என்று அறிவித்தார். அலெப்போவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜேம்ஸ் ஸ்கீன் 1880-இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது சிலவற்றை எடின்பரோவுக்குக் கொண்டுபோனார். அந்த வம்சம் 1910 வாக்கில் அற்றுப்போனது. அவ்வளவுதான்.

ஹாம்ஸ்டரைத் தேடி மனிதர்கள் மண்வெட்டியோடு புறப்பட்டதற்குக் காரணம் கொஞ்சலே அல்ல. காலா-அசார் என்னும் கருங்காய்ச்சல். வங்காளத்திலும் அசாமிலும் ஊர் ஊராக மனிதர்களைக் கொன்ற நோய். அதன் ஒட்டுண்ணியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க ஒரு சிறிய விலங்கு தேவைப்பட்டது. 1920-களில் பீக்கிங்கில் வேலை செய்த மருத்துவர்கள், சீன ஹாம்ஸ்டரின் உடம்பில் அந்த ஒட்டுண்ணி நன்றாக வளர்கிறது என்று கண்டார்கள். இந்தியாவிலும் அதே சீன ஹாம்ஸ்டர் பயன்பட்டது. மணல் ஈ கடித்துத்தான் காலா-அசார் பரவுகிறது என்பதற்கான முதல் நேரடிச் சான்றை 1931-இல் ஷார்ட், ஸ்மித், சுவாமிநாத், கிருஷ்ணன் குழு ஒரு ஹாம்ஸ்டரைக் கொண்டே காட்டியது. ஆனால் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்தச் சோதனை சரியாகத் திரும்ப வரவில்லை. சிக்கல் தீர்ந்தது எப்படி என்பது சாப்பாட்டுக் கதை: ரத்தம் குடித்த மணல் ஈக்களுக்கு மறுபடியும் ரத்தமே கொடுக்காமல் உலர்திராட்சைச் சாற்றைக் கொடுத்தபோது, ஈயின் வயிற்றில் ஒட்டுண்ணி பெருகியது, கடித்தால் நோயும் பரவியது. 1942-இல் சி.எஸ். சுவாமிநாத்தும் கூட்டாளிகளும் மனிதர்களிடம் இதை உறுதிப்படுத்தினார்கள்.

எருசலேமில் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஒட்டுண்ணியியல் பேராசிரியர் சால் ஆட்லருக்கும் இதே நோயில்தான் ஆய்வு. சீன ஹாம்ஸ்டர் அவருடைய ஆய்வுக்கூடத்தில் குட்டி போட மறுத்தது. ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்து வரவழைப்பது பெரும்பாடு. உள்ளூரிலேயே வேறு ஹாம்ஸ்டர் கிடைக்குமா என்று விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனியிடம் கேட்டார். அஹரோனி அலெப்போவுக்குப் போனார். வழிகாட்டியாக வந்த ஜார்ஜியஸ் கலீல் தஹான் உள்ளூர் ஷேக் ஒருவரிடம் பேசி, ஆட்களைப் பிடித்து, ஒரு கோதுமை வயலைத் தோண்டவைத்தார்.

1930 ஏப்ரல் 12. வயலில் பாதி நாசமான பிறகு ஒரு தாயும் அதன் குட்டிகளும் கிடைத்தன. பதினொரு குட்டிகள் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எட்டு அடி ஆழத்தில் கிடைத்ததாக அஹரோனி எழுதினார். பின்னால் அளந்தவர்கள் சொல்வதைப் பார்த்தால் எட்டு அடியில் கொஞ்சம் கதையும் கலந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். தன்னை முதலில் நெருங்கி வந்த குட்டியின் தலையைத் தாய் கடித்தது. மற்றவற்றையும் கொன்றுவிடும் என்று பயந்து ஜார்ஜியஸ் தாயை சயனைடு ஜாடிக்குள் போட்டுவிட்டார். கண்கூடத் திறக்காத குட்டிகளை அஹரோனியும் மனைவியும் கையால் ஊட்டி வளர்த்தார்கள். பிழைத்தவை மவுண்ட் ஸ்கோப்பஸில் பல்கலைக்கழக விலங்குக்கூடத்தைக் கவனித்த ஹைன் பென்-மெனாஹெமிடம் வந்தன. அவர் வைத்த கூண்டின் தரை மரத்தாலானது. மறுநாள் காலையில் ஐந்தைக் காணோம். மரத்தைக் கொறித்து வெளியேறியிருந்தன. வாழ்நாளெல்லாம் வளரும் வெட்டுப்பல் உள்ள பிராணிக்கு மரத்தரை கூண்டு ஆகாது, அதுவே தீனி மாதிரி. மிஞ்சியவற்றில் ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கொன்றது. கடைசியில் எஞ்சிய சில உடன்பிறப்புகளிடமிருந்து ஓராண்டுக்குள் சுமார் 150 குட்டிகள். பதினாறே நாள் கர்ப்பம் உள்ள விலங்குக்கு இது பெரிய காரியமில்லை. உலகக் கடைகளில் விற்கும் தங்க ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே ஈற்றின் பேரப்பிள்ளைகள்.

1931-இல் ஆட்லர் சிலவற்றைக் கோட்டுப் பையில் வைத்து இங்கிலாந்துக்கு எடுத்துப்போனார் என்பார்கள். 1938-இல் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்குப் போயின. வீட்டுக்குள் அவை பெருமளவில் நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னால்தான். அலபாமாவின் மொபீல் நகரில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 'கல்ஃப் ஹாம்ஸ்டரி' என்று பண்ணை வைத்து, பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, ஊர் ஊருக்கு ஹாம்ஸ்டர் அனுப்பினார். வளர்ப்புக் கையேடும் எழுதி விற்றார். அமெரிக்கக் குழந்தைகளின் அறைகளுக்கு ஹாம்ஸ்டர் போனதில் அவர் பங்கு பெரிது.

அப்போது எழுந்த கேள்விதான் இன்றும் கடைக்காரரிடம் கேட்கப்படுகிறது: இதற்கு என்ன போடணும்?

பதில் இரண்டு திசையிலிருந்து வந்தது. ஒன்று, விதைக் கலவை. சூரியகாந்தி விதை, நிலக்கடலை, மக்காச்சோளம், தினை எல்லாம் கலந்த பொட்டலம். பார்க்க அழகு, விற்கவும் சுலபம். கொட்டிவைத்துவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். ஹாம்ஸ்டர் முதலில் சூரியகாந்தியைத்தான் பொறுக்கும், அடுத்து கடலை. தினையும் மற்ற தானியமும் கிண்ணத்தில் அப்படியே கிடக்கும். சூரியகாந்திப் பருப்பில் ஏறத்தாழ பாதி எடை கொழுப்பு. கால்சியம் மிகக் குறைவு. பாக்கெட்டின் முதுகில் அச்சிட்ட சத்துக் கணக்கு பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும், பிராணியின் வயிற்றுக்கு அல்ல.

இன்னொன்று ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது: எல்லாவற்றையும் அரைத்து, அழுத்தி, ஒரே மாதிரி உருளையாக்கிய தீவனம். சோதனைக்கு வைத்த ஒவ்வொரு விலங்கும் ஒரே சத்தைத்தான் உண்டது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் முடிவை நம்பலாம் என்பதால் பிறந்த ஏற்பாடு அது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் ஆய்வுக்கூட விலங்குகளின் சத்துத் தேவை பற்றி வெளியிட்ட நூலின் 1995 பதிப்பில் ஹாம்ஸ்டருக்குத் தனி அத்தியாயமே உண்டு. பொறுக்கித் தின்ன வழியில்லாத இந்த உருளைதான் இன்று கால்நடை மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது. சுவாரசியமில்லாத உணவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த தங்க ஹாம்ஸ்டர் ஒன்று நாளைக்குத் தின்பது 10 முதல் 12 கிராம்தான். அந்தச் சிறு அளவுக்குள் தவறு செய்ய அதிக இடமில்லை.

கிண்ணம் காலியாவதை வைத்துக் கணக்குப் போடுவது இன்னொரு பழைய பிழை. ரசலின் மேசை சொன்னதுதான்: கன்னத்துக்குள் போனதெல்லாம் வயிற்றுக்குப் போனதல்ல. கிண்ணத்தில் போட்டது ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டால், பாவம் பசி என்று இன்னொரு கை அள்ளிப் போடுகிறார்கள். அதுவும் மறையும். மரத்தூளுக்கு அடியில் ஒரு மூலையில் களஞ்சியம் வளர்ந்துகொண்டிருக்கும். வெள்ளரித் துண்டோ கேரட்டோ கொடுத்தால் அதுவும் அங்கேதான் போகும். இரண்டு நாளில் அழுகும். கீரை, காய் கொடுப்பது தவறில்லை. கட்டைவிரல் நக அளவு கொடுத்து, மிச்சத்தை மறுநாள் தேடி எடுத்துவிட வேண்டும்.

பட்டினியும் இதற்கு வேறு மாதிரி. ஒரு நாள் உணவில்லாமல் இருந்த எலி, மறுநாள் கூடுதலாகத் தின்று சரிக்கட்டிவிடும். தங்க ஹாம்ஸ்டர் அப்படிச் செய்வதில்லை என்று 1976-இல் சில்வர்மன், சுக்கர் இருவரும் காட்டினார்கள். பட்டினிக்குப் பிறகு அது தின்னும் அளவு உயராது. பின்னால் வந்த ஆய்வுகளின்படி கூடுவது பதுக்கும் அளவுதான். அடியில் களஞ்சியம் இருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த உடம்பு. வாரம் ஒருமுறை கூண்டைச் சுத்தம் செய்து களஞ்சியத்தை முழுக்க வாரிக் குப்பையில் கொட்டும் நல்ல மனிதர்கள் இதை யோசிப்பதில்லை. காய்ந்த தீவனத்தில் ஒரு பிடியை விட்டுவைப்பதே நியாயம்.

வயிற்றின் அமைப்பும் விசித்திரம்தான். இரைப்பை இரண்டு அறை. முன்னறையில் நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைக்கின்றன. தன் புழுக்கையில் சிலவற்றைத் தானே எடுத்துத் தின்று பி வகை வைட்டமின்களை மீட்டுக்கொள்கிறது. முதல்முறை பார்க்கும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், தடுக்கக் கூடாது. குடலில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டம் குலைந்தால் ஆபத்து. மனிதருக்குக் கொடுக்கும் பென்சிலின் வகை மாத்திரையைப் பொடித்துப் போட்டால் ஹாம்ஸ்டர் செத்தே போகலாம். வெங்காயம், பூண்டு, சாக்லேட், வேகாத ராஜ்மா, ஆப்பிள் விதை ஆகியவையும் வேண்டாம். ஒட்டும் மிட்டாய் கன்னப்பைக்குள் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும்.

இனிப்பைப் பற்றிச் சொல்லும்போது சீன ஹாம்ஸ்டரிடம் திரும்ப வேண்டும். 1948-இல், உள்நாட்டுப் போர் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில், பத்து ஆணும் பத்துப் பெண்ணுமாக இருபது சீன ஹாம்ஸ்டர்களை டாக்டர் ஹூ என்பவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வாட்சனிடம் ஒப்படைத்தார். அவை நியூயார்க் மாநிலத்தில் விலங்குப் பண்ணை நடத்திய விக்டர் ஷ்வென்ட்கரிடம் போய்ச் சேர்ந்தன. எருசலேமில் குட்டி போட மறுத்த இனம் அவர் கையில் பெருகியது. சில ஆண்டுகளில், பாஸ்டனில் ஜார்ஜ் யெர்கானியன் வளர்த்த கூட்டத்தில் சில ஹாம்ஸ்டர்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தன, அளவுக்கு மீறிச் சிறுநீர் கழித்தன. பரம்பரை நீரிழிவு. 1959-இல் அவரும் மையரும் அதை ஆய்வுக்கட்டுரையாக எழுதினார்கள். சர்க்கரை நோயை ஆராய அது நல்ல மாதிரி விலங்காயிற்று. சீன ஹாம்ஸ்டருக்கும் குள்ள ஹாம்ஸ்டர்களுக்கும் வாழைப்பழம், திராட்சை, தேன் தடவிய குச்சித் தீனி வேண்டாம் என்று இன்று சொல்லும் எச்சரிக்கைக்குப் பின்னால் இந்தக் கூண்டுகள் இருக்கின்றன. தேன் குச்சி இன்னும் கடையில் தொங்கத்தான் செய்கிறது.

கன்னப்பை தமிழ்நாட்டு அறிவியலிலும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறது. அந்தப் பையின் உட்சுவர் மனித வாயின் உட்புறத்தைப் போன்றது. வெளியே இழுத்துப் பார்க்கவும் சுலபம். ஆகவே 1950-களிலிருந்து வாய்ப்புற்றுநோய் ஆய்வுக்கு அது பயன்பட்டது. புகையிலையால் வாய்ப்புற்று மலிந்த நாட்டில் இது பொருத்தமான கருவி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையிலிருந்து இந்தக் கன்னப்பையை வைத்து வரிசையாகக் கட்டுரைகள் வந்தன. புற்று உண்டாக்கும் வேதிப்பொருளைப் பைக்குள் தடவி, கூடவே மஞ்சளின் குர்குமினும் மிளகின் பைப்பரினும் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த சோதனை 2009-இல் வெளியானது. அலெப்போ பிராணிக்கு மஞ்சளும் மிளகும்! செல்லமாக வளர்ப்பவர் அதைப் பார்த்துத் தன் வீட்டு ஹாம்ஸ்டருக்கு மிளகு ரசம் ஊட்டக் கிளம்ப வேண்டியதில்லை.

தீனி தவறினால் என்ன ஆகும் என்பதை மிகக் கோரமாகக் காட்டியது பிரான்சின் அல்சாஸ் பகுதி. அங்கே இருப்பது உருவத்தில் பெரிய ஐரோப்பிய ஹாம்ஸ்டர். தலைமுறை தலைமுறையாக விவசாயிகளின் எதிரி. வளை ஒன்றில் கிலோக் கணக்கில் தானியம் பதுக்கும். பிடித்துக் கொன்றார்கள், தோலை உரித்து மேலங்கி தைத்தார்கள். பிறகு ஒருநாள் திரும்பிப் பார்த்தால் ஹாம்ஸ்டரே அருகிவிட்டது. அதைக் காக்கத் தவறியதாக 2011 ஜூன் 9-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பொறி வைப்பது நின்ற பிறகும் ஏன் பெருகவில்லை?

ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தின் மாத்தில்ட் டிஸ்ஸியே குழு தீனியைச் சந்தேகித்தது. அல்சாஸ் வயல்களில் இப்போது பெரும்பாலும் மக்காச்சோளம்தான். வளையைச் சுற்றி வேறு எதுவும் அதிகம் கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் சில ஹாம்ஸ்டர்களுக்குக் கோதுமையோடு தீவனப்பயிரோ மண்புழுவோ கொடுத்தார்கள், சிலவற்றுக்கு மக்காச்சோளத்தோடு. கோதுமை தின்ற தாய்களின் குட்டிகளில் ஐந்தில் நான்கு பால்குடி மறக்கும்வரை பிழைத்தன. மக்காச்சோளம் தின்றவற்றின் குட்டிகளில் பிழைத்தவை நூற்றுக்கு ஐந்து. தாய்கள் சரியாகத்தான் ஈன்றன. ஆனால் ஈன்ற குட்டிகளை மக்காச்சோளக் குவியல்மேல் கொண்டுவந்து போட்டு, உயிரோடு தின்றன. கூண்டுக்குள் வட்டமாக ஓடின, நாக்கு கறுத்தது.

குறைந்தது வைட்டமின் பி3. மக்காச்சோளத்தில் அது இருந்தாலும் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்திருக்கும். மெக்சிகோவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்ததால் அவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. அந்தச் சமையல் முறையை விட்டுவிட்டுத் தானியத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளைப் பெலாக்ரா என்ற நோய் வாட்டியது. தோல் உரியும், புத்தி தடுமாறும். ஹாம்ஸ்டர் தாயின் வெறியும் அதேதான். பி3 சேர்த்துக் கொடுத்ததும் தின்பது நின்றுபோனது. 2017-இல் இந்த முடிவு வெளிவந்தது. கடைப் பொட்டலத்தில் உடைத்த மக்காச்சோளம் இருப்பதால் பயப்பட வேண்டாம். மக்காச்சோளம் மட்டும் இருப்பதுதான் விஷம்.

அப்படியானால் தங்க ஹாம்ஸ்டர் தன் சொந்த ஊரில் எதைத்தான் தின்கிறது? கோடிக்கணக்கில் கூண்டில் வளர்த்த பிறகும் இதை நேரில் போய்ப் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்து ரோல்ஃப் கேட்டர்மன் குழு 1997-லும் 1999-லும் அலெப்போவைச் சுற்றி அலைந்து பதின்மூன்று ஹாம்ஸ்டர்களைப் பிடித்தது. முப்பது வளைகளைக் குறித்தது. வளைகளின் சராசரி ஆழம் 65 செ.மீ, மிக ஆழமானதே 106 செ.மீ. அஹரோனியின் எட்டு அடி எங்கே, இது எங்கே! ஆளில்லாத பாலைவனத்தில் அல்ல, உழுத வயலில்தான் பெரும்பாலும் குடியிருந்தன. அதிலும் பயறு வகை விளையும் நிலம் என்றால் விருப்பம். ஒரு வளையில் ஒரே ஒரு வளர்ந்த ஹாம்ஸ்டர்; ஓர் உறங்கும் அறை, குறைந்தது ஒரு தானிய அறை. கடையில் ஜோடியாக விற்பவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

2008-இல் அதே குழுவினர் இன்னொன்றும் எழுதினார்கள். கூண்டில் நள்ளிரவில் சக்கரம் சுற்றும் இந்த இரவுப் பிராணி, சொந்த வயலில் பெண் ஹாம்ஸ்டராக இருந்தால் வெளியே வருவது காலையிலும் மாலை வெளிச்சத்திலும்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கன்னத்தை நிரப்பிக்கொண்டு வளைக்கு ஓடிவிடும். அங்குள்ள விவசாயிகளுக்கு அது திருடன். கண்ட இடத்தில் எலிமருந்து வைக்கிறார்கள். கேட்டர்மன் குழு அங்கிருந்து கொண்டுபோன ஹாம்ஸ்டர்களால்தான், ஒரே ஈற்றிலிருந்து பெருகிய ஆய்வுக்கூட வம்சத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு புதிய வம்சம் ஹாலேயில் உருவானது.